தீப்பெட்டி லேபிளும் கணினி விளையாட்டின் முகப்பும்

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் முதலிய ஊர்களிற் பிறந்து, மருந்தும் அச்சுமையும் மணக்கும் தெருக்களில் வளர்ந்து, நம் கல்லூரிக்கு வந்து கணினிக்கலை பயிலும் மாணாக்கர் சிலர், அண்மைக்காலத்தே கணினி விளையாட்டுக்களைத் தாமே இயற்றத் தலைப்பட்டிருக்கின்றனர். பெருங் கம்பெனிகளின் பொருளுதவி யாதுமின்றி, இருவர் மூவராய்க் கூடி, இரவு நேரங்களில் உழைத்து, அரண் அமைத்தலும் படை நடத்தலும் பொருள் ஈட்டலும் போன்ற சூழ்ச்சித்திறன் வேண்டும் வியூக விளையாட்டுக்களை அவர்கள் ஆக்குகின்றனர். அம்முயற்சி பெரிதும் பாராட்டற்பாலது. ஆயினும், ஒரு செய்தி எமக்கு வருத்தந் தருகின்றது. விளையாட்டை இயற்றுதற்கு இரண்டு ஆண்டுகளைச் செலவிடும் இவ்விளைஞர், அதனைக் கடையில் வைக்குங்கால் அதன் முகத்தில் ஒட்டும் படத்திற்கு இரண்டு நாட்களையும் செலவிடுவதில்லை. விளையாட்டினுள்ளிருந்து ஒரு காட்சியை வெட்டியெடுத்துப் பெயரை மேலே எழுதிவிட்டால் வேலை முடிந்ததென்று கருதுகின்றனர். முகப்பு அழகாக இருந்தால் நன்று, இல்லாவிடினும் குற்றமில்லை என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு தவறென்பதே எம் கருத்து. அதனைத் திருத்தவல்ல ஆசிரியர்களைத் தேடி அவர்கள் கடல் கடந்து செல்லவும் வேண்டியதில்லை. தம் பாட்டனார் காலத்துத் தீப்பெட்டியைக் கையிலெடுத்துப் பார்த்தாலே போதும்.

முதலிற் கடையின் இயல்பைக் காண்போம். இவ்விளையாட்டுக்கள் பெரும்பாலும் விற்கப்படுமிடம் ஸ்டீம் என்னும் இணையக் கடை. அமெரிக்க நாட்டு வால்வ் கம்பெனியார் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய இக்கடையில், 2017ஆம் ஆண்டு முதல், விளையாட்டொன்றுக்கு 100 டாலர் செலுத்துவோர் எவரும் தம் சரக்கை வைக்கலாம் என்னும் ஏற்பாடு நடந்துவருகின்றது. 2024ஆம் ஆண்டில் மாத்திரம் 18,000க்கு மேற்பட்ட விளையாட்டுக்கள் அங்கே புதிதாக வந்து சேர்ந்தன; நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது என்க. நம் ஊர்க் கடைக்காரரைப் போல் ஒருவர் நின்று, "இது நல்ல சரக்கு, கொண்டுபோய்ப் பாருங்கள்" என்று எடுத்துக் கொடுப்பதற்கு அங்கு இடமில்லை. வாங்க வருவோன் கண்முன் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடுகின்றன. அவற்றுள் மிகச் சிறிய வடிவம் நெடுங்காலம் 231 புள்ளி அகலமும் 87 புள்ளி உயரமும் உடையதாயிருந்தது. இக்காலத்துக் கூரிய திரைகளுக்காக அவ்வளவை இரட்டித்து 462க்கு 174 என்று கேட்கின்றனர் எனினும், திரையில் அது பிடிக்கும் இடம் பெருகிவிடவில்லை. கணினித் திரையில் அது ஒரு தீப்பெட்டி லேபிளின் அளவை ஒட்டியதே. ஆகலின், விளையாட்டின் முகப்பைச் சுவரில் மாட்டும் சித்திரமாக நினைத்து எழுதுவோன் தொடக்கத்திலேயே வழி தவறுகின்றான். அது லேபிள்.

இந்த லேபிள் நம் நாட்டில் வளர்ந்த வரலாறு சுவையானது. ஒரு காலத்தில் நம் வீடுகளில் எரிந்த தீக்குச்சிகள் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவையே. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923ஆம் ஆண்டளவில் தம் ஊரில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அதே காலத்தில் சுவீடன் நாட்டார் தம் மூலதனத்தைக் கொண்டு விம்கோ கம்பெனியை இந்நாட்டிலேயே நிறுவினர். குச்சி ஒன்றே, மருந்து ஒன்றே, விலையும் ஏறக்குறைய ஒன்றே. இந்நிலையில் ஒரு பெட்டியை மற்றொன்றினின்று வேறுபடுத்திக் காட்ட மேலே ஒட்டிய காகிதத்தைத் தவிர வேறு யாது உண்டு? அக்காகிதத்தை அச்சிடும் தேவையினின்றே சிவகாசியின் அச்சுத் தொழில் முளைத்தது. லித்தோ கல்லச்சில் தொடங்கிப் பின்னர் ஆப்செட் அச்சாக வளர்ந்து, நாட்காட்டிகளையும் பாடப்புத்தக அட்டைகளையும் இந்தியா முழுமைக்கும் அனுப்பும் பெருந்தொழிலாக அது ஓங்கியது, ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டுக் காகிதத்தின் வயிற்றிற் பிறந்த பிள்ளையாகத்தான்.

அந்தத் துண்டுக் காகிதம் எத்துணைக் கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்பதை நம் மாணாக்கர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். வாங்குவோர் பலர்க்கு எழுத்தறிவில்லை. கடையிலோ ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. பெட்டி இருப்பது கடைக்காரர் முதுகுக்குப் பின்னால், ஆறடித் தொலைவில். கல்லச்சிலோ நிறம் ஒவ்வொன்றுக்கும் தனிக்கல் வேண்டும். தாள் ஒவ்வொரு முறையும் மறுபடி ஏற வேண்டும். ஆகையால் ஒரு நிறத்தைக் கூட்டுதல் ஒரு செலவைக் கூட்டுதலாகும். இவையெல்லாம் சேர்ந்து ஓவியனைக் கட்டிப்போட்டன. கட்டுண்ட நிலையில் அவன் கண்ட வழி இதுவே: ஓர் உருவம், அதனைச் சுற்றித் தடித்த கோடு, பின்னால் ஒரே நிறம், மேலும் கீழும் பெரிய எழுத்து. சிவப்பின்மேல் மஞ்சள், மஞ்சளின்மேல் கறுப்பு. நுட்பம் அறியாமையால் அவன் இங்ஙனம் எழுதினானல்லன். நாட்காட்டிப் படங்களால் தென்னாடு முழுதும் பெயர் பெற்ற கோவிற்பட்டிக் கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்றவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். கொட்டகையின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் காடு காடாகவும் அரண்மனை அரண்மனையாகவும் தோன்ற வேண்டும் என்னும் திரைச்சீலைப் பாடமே, சிவகாசி அச்சிற் பதிந்த அவர் தெய்வத் திருவுருவங்களின் தெளிவுக்கும் காரணமென்று கருத இடமுண்டு.

லேபிளின் வெற்றியை அளக்கும் கோல் யாது? அதனை வாயாற் சொல்லிக் கேட்க முடிகின்றதா என்பதே. "சேவல் மார்க் கொடுங்கள்", "மயில் மார்க் இருக்கிறதா" என்று சிறு பிள்ளையும் கேட்டு வாங்கியது. பட்டாசு வகையில் இது இன்னும் ஒரு படி மேலே சென்றது. தாளில் திருமகள் படம் பதித்த வெடி லட்சுமி வெடியாயிற்று. சிட்டுக்குருவிப் படம் தாங்கியது குருவி வெடியாயிற்று. கம்பெனியின் பெயர் மறைந்தது, மருந்தின் அளவு எவருக்கும் தெரியாது, படமே பொருளுக்குப் பெயராகி நின்றது. விளம்பரக் கலையில் இதனினும் உயர்ந்த வெற்றி ஒன்றிருப்பதாக யாம் அறியோம்.

இக்கோலைக் கொண்டு இக்கால வியூக விளையாட்டுக்களின் முகப்புக்களை அளந்து பார்ப்போம். முடியணிந்த ஒருவன் நம்மை முறைத்துப் பார்க்கின்றான், கையில் வாள், பின்னே படை, படைக்குப் பின்னே கோட்டை, கோட்டைக்கு மேல் புகை, புகைக்குள் கழுகோ பறவைநாகமோ. பெரிதாக்கிக் கண்டால் ஒவ்வொன்றும் அரிய வேலைப்பாடுடையதே. தீப்பெட்டியளவாகச் சுருக்கினாலோ, பழுப்பு நிறத்தில் ஒரு கலங்கல் மாத்திரம் எஞ்சுகின்றது. பத்து விளையாட்டுக்களை அருகருகே வைத்தால் பத்திலும் அதே முடிமன்னன். இவற்றுள் ஒன்றை நண்பனுக்கு எடுத்துச் சொல்ல விரும்புவோன், "அந்த ராஜா படம் போட்டது" என்றால், எந்த ராஜா என்று அவன் திருப்பிக் கேட்பான்.

"வெடியும் குச்சியும் வேறு, வியூக விளையாட்டு வேறு. வெடி வெடிக்கும் என்பது எல்லார்க்கும் தெரியும். சேவலை எழுதினும் செவ்வந்தியை எழுதினும் குறையில்லை. எம் விளையாட்டு இன்னதென்று ஒருவர்க்கும் தெரியாதே. சிந்தனையை எங்ஙனம் ஓர் உருவத்தில் அடக்குவது?" என்று மாணாக்கர் வினவக்கூடும். இது நேர்மையான வினா. லேபிளினின்று கற்கக்கூடியது ஓரெல்லை வரையிலேதான் என்பதையும் இது காட்டுகின்றது. இவ்விடத்தில் நம் நாட்டு வியூக விளையாட்டு ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

ஆடுபுலி ஆட்டத்தை அறியாதார் நம்முட் சிலரே. கோயில் மண்டபத்துக் கற்றளத்தில் முக்கோணமாகக் கீறிய கோடுகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டிக் கொல்லும். ஆடுகளுக்குக் கொல்லும் ஆற்றல் இல்லை, சூழ்ந்து நின்று அடைக்கும் ஆற்றல் மாத்திரம் உண்டு. இதனை ஒரு மாணவர் கணினிக்கு ஆக்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். முகப்புக்கு அவர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது வாய் பிளந்து பாயும் புலி. அழகிய படந்தான்; தீப்பெட்டியளவிலும் விளங்கும்; "புலிப்படம்" என்று வாயாற் சொல்லவும் இயலும். எனினும் அது தவறான முகப்பு. அதனைக் கண்டு வருவோன் வேட்டையை விரும்பி வருகின்றான். உள்ளே கோடுகளையும் புள்ளிகளையும் கண்டவுடன் ஏமாற்றமடைந்து, பணத்தைத் திருப்பிக் கேட்கின்றான். வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணிநேரத்திற்குக் குறைவாக ஆடியிருப்பின், ஸ்டீம் கடையில் அங்ஙனம் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. போகிறபோக்கில் நான்கு வரி வைதும் எழுதிவிட்டுப் போகின்றான். அதனினும் பெரிய இழப்பு வேறொன்று: சிந்தித்து ஆடுவதில் விருப்பமுடையவன், இது தனக்குரியதன்று என்று பாயும் புலியைத் தாண்டிப் போய்விடுகின்றான். வரத்தகாதவன் வந்தான், வரவேண்டியவன் போனான்.

பின் எதனை எழுதுவது? புலி ஒன்று; அதன் இருபுறமும் ஆடுகள் நிற்கின்றன; ஒருபுறம் மாத்திரம் வெளி. அவ்வெளியின் விளிம்பில் ஓர் ஆடு முன்னங்காலைத் தூக்கி நிற்கின்றது. அது காலை வைத்தால் புலி அடைபடுமா, அல்லது ஆடு இரையாகுமா? காண்பவன் மனத்தில் இவ்வினா எழுந்த அக்கணமே அவன் ஆடத் தொடங்கிவிட்டான். வியூக விளையாட்டின் உயிர் போரன்று, படையன்று, முடியுமன்று. இதைச் செய்வதா அதைச் செய்வதா என்று கை தயங்கும் அந்த ஒரு கணமே. அதனை எழுதுக என்கின்றோம். இங்கும் உருவங்கள் சிலவே, நிறங்கள் சிலவே. லேபிளின் இலக்கணம் எதுவும் கெடவில்லை. நியூசிலாந்து நாட்டினர் சிலர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட மினி மெட்ரோ என்னும் விளையாட்டு, நகரத்து ரயில் பாதைகளைக் கோடிழுத்து இணைப்பது. அதன் முகம் வாளும் அறியாது, வேந்தனும் அறியாது; வண்ணக் கோடுகளும் நிலையங்களைக் குறிக்கும் வட்டமும் சதுரமும் போன்ற வடிவங்களுமே அதற்கு அடையாளம். உள்ளிருப்பதே வெளியிலும் இருக்கின்றது. அதனை வேறொன்றாக எவரும் மயங்குவதில்லை.

பழைய காலத்து அட்டாரி விளையாட்டுக்களின் பெட்டிகளை எடுத்துக்காட்டி, ஒருவர் எம்மை மறுக்கலாம். 1977ஆம் ஆண்டு முதல் வெளிவந்த அப்பெட்டிகளின் மேல் விமானங்களும் வீரர்களும் விண்வெளியும் எண்ணெய் வண்ணத்திற் போலப் பொலிந்தன. உள்ளே திரையில் தோன்றியவையோ நான்கைந்து சதுரங்கள். அவை விற்கவில்லையா எனின், விற்றன. ஆயின் அக்காலத்தில் அச்சதுரங்களுக்கு உயிரூட்டுதற்கு ஒரு கற்பனை வேண்டியிருந்தது. பெட்டியின் ஓவியம் அக்கற்பனையைக் கடனாகக் கொடுத்தது. இக்காலத்திலோ முகப்பின் கீழே ஒரு சாண் தொலைவில் விளையாட்டின் உண்மைக் காட்சிகளும் அசையும் படமும் கிடக்கின்றன. பொய் அவ்வளவு தொலைவுகூட நடக்க முடியாது.

எழுத்தைப்பற்றி ஒரு வார்த்தை. மிகச் சிறிய வடிவத்தில் விளையாட்டின் பெயரே ஏறக்குறைய முழு இடத்தையும் நிரப்ப வேண்டும் என்பது கடையார் தாமே கூறும் அறிவுரை. தீப்பெட்டித் தொழிலார் இதனை முன்னரே அறிந்தவர்கள். தனிப்பெட்டிக்கு ஒரு லேபிளும், பன்னிரண்டு பெட்டி சேர்ந்த கட்டுக்கு வேறொரு பெரிய லேபிளும் அச்சிட்டனர். பெரியதைச் சுருக்கிச் சிறியதாக்காமல், இடத்திற்கேற்ப உறுப்புக்களை மாற்றி அடுக்கினர். நம் மாணாக்கர் ஒரே படத்தை இயந்திரத்தாற் சுருக்கி எல்லா அளவுக்கும் இடுகின்றனர். தமிழிற் பெயர் எழுதுவோர்க்கு இங்கே தனி இடர் ஒன்றுண்டு. சுருங்கிய எழுத்தில் முதலில் மறைவது மெய்யின் புள்ளி; அது மறைந்தால் 'கல்' என்பது 'கல' என்றாகிவிடும். கொம்பும் காலும் சுழியும் உடைய நம் எழுத்துக்கு ஆங்கில எழுத்தினும் சற்று மிகுந்த உயரம் வேண்டும். அதற்கஞ்சித் தமிழ்ப்பெயரையே கைவிடுதல் கோழைமை. கனடாவின் டொராண்டோ நகரத்தில் ஆக்கப்பெற்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த 'வெண்பா' என்னும் விளையாட்டு, தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாகக் கொண்டது. அப்பெயரோடேயே உலகெங்கும் சென்று பரிசுகள் பெற்றது.

முன்பு பலர் தம் முகப்பில், இன்ன பத்திரிகை இத்தனை மதிப்பெண் கொடுத்தது, இன்ன பரிசு கிடைத்தது, பாதி விலை என்றெல்லாம் எழுதி நிரப்பினர். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து ஸ்டீம் கடையார் அவற்றை விலக்கிவிட்டனர். விளையாட்டின் ஓவியமும் பெயரும் துணைப்பெயருமே இருத்தல் வேண்டும் என்பது விதி. சிறு முயற்சியாளர்க்கு இது தீங்கு என்றார் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. பதக்கம் இல்லாதவனும் பதக்கம் உள்ளவனும் அந்தச் சிறு சதுரத்திற்குள் சமமாக நிற்கின்றனர்.

போலியைப்பற்றியும் கூறாமல் விட இயலாது. தீப்பெட்டி லேபிள்களைத் தொகுப்போர் கையில், ஒரு புகழ்பெற்ற மார்க்கும், வாலை வளைத்தும் தலையைத் திருப்பியும் அதனையொப்ப அச்சிட்ட மார்க்குகளும் அருகருகே ஒட்டப்பட்டிருத்தலைக் காணலாம். பிறர் புகழில் குளிர்காய்வது அன்றும் இருந்தது. இன்று அத்தொழிலுக்கு இயந்திரம் வந்துவிட்டது. நான்கு சொற்களைத் தட்டினால் ஒரு நொடியில் முடிமன்னனையும் கோட்டையையும் அது எழுதித் தருகின்றது. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல், இத்தகைய செயற்கை அறிவின் துணைகொண்டு ஆக்கியவற்றை வெளிப்படச் சொல்லுதல் வேண்டுமென ஸ்டீம் கடையார் கேட்கின்றனர். அறநெறி பற்றிய வழக்கை ஒருபுறம் வைத்து, வணிக நோக்கால் மாத்திரம் பார்ப்பினும் அம்முறை பயனற்றது. இதுவரை எழுதப்பெற்ற படங்களையெல்லாம் உண்டு வளர்ந்த இயந்திரம் அவற்றின் சராசரியையே எளிதிற் கக்கும். கடையில் கண்ணுக்குப் படாமற் போவது அந்தச் சராசரியே. அதே வேளையில், கையால் லேபிள் எழுதிப் பழகிய ஓவியர்கள், கணினி வந்தபின் வேலை குறைந்து நம் அச்சூர்களிலேயே இருக்கின்றனர். ஓருருவத்தில் ஒரு பொருளை நிறுத்தும் வித்தை அவர்கள் விரலில் இருக்கின்றது. அது அவர்களோடு போய்விடுமாயின் மீட்டற்கு அரிது.

லேபிளை இத்துணைப் புகழ்ந்த யாம், அதன் கறையை மறைப்பது முறையாகாது. மத்தாப்புப் பெட்டிகளின் மேல் சிரித்த முகத்தோடு குழந்தைகள் கம்பி மத்தாப்புப் பிடித்து நின்றனர். அதே ஆண்டுகளில் வேறு குழந்தைகள் நம் பகுதித் தொழிற்கூடங்களில் பெட்டி ஒட்டியும் குச்சி அடுக்கியும் பள்ளியை இழந்தனர். சிவகாசிச் சிறுவர் உழைப்பைப் பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, அவ்வாறு வேலைக்கு வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென விதித்த பின்னரே நாடு அப்படத்தின் மறுபுறத்தைத் திருப்பிப் பார்த்தது. படம் தெளிவாயிருந்தால் மாத்திரம் போதாது என்பதை இப்பகுதியிற் பிறந்தோர்க்கு வேறெவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. முகப்பைப் பார்த்து, "இதற்குள் இருப்பது இதுதானா?" என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு மற்றவரினும் மிகுதியாக இருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கதும் அரியதன்று. முகப்பை விளையாட்டு முடிந்தபின் எழுதாமல், ஆட்டத்தின் விதிகள் உறுதிப்பட்டவுடனேயே எழுதத் தொடங்குக. கை தயங்கும் அக்கணம் எதுவென்று ஒரே வாக்கியத்தில் எழுத முடியாத மாணவர், படத்தை விட்டுவிட்டு விளையாட்டை மறுபடி நோக்குவது நலம். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். லேபிள் எழுதிய ஓவியர் ஒருவரை அணுகி, உரிய கூலி கொடுத்து, மூன்று நிறங்களுக்குள் மூன்று மாதிரிகள் எழுதச் செய்க. அவற்றைத் தாளில் அச்சிட்டு வெட்டி, மெய்யாகவே தீப்பெட்டிகளின் மேல் ஒட்டி, நாரணாபுரத்துப் பெட்டிக்கடை ஒன்றில் மற்றப் பெட்டிகளோடு கலந்து அடுக்கி, ஆறடி தள்ளி நின்று, வருவோரைக் கேட்டுப் பார்க்க. எதனைச் சுட்டுகின்றனர், எப்பெயரால் அழைக்கின்றனர், உள்ளே என்ன இருக்குமென எண்ணுகின்றனர் என்னும் மூன்றையும் குறித்துக்கொள்க. இச்சோதனைக்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவே.

வரும் கல்லூரி நாள் விழாவில், கணினிக்கலைத் துறையாரும் தமிழ் மன்றத்தாரும் சேர்ந்து, பழைய லேபிள்களையும் மாணாக்கர் எழுதுவித்த முகப்புக்களையும் ஒரே பலகையில் ஒட்டிக் காட்சிக்கு வைத்தல் வேண்டுமென்று விண்ணப்பிக்கின்றோம். பழைய மாணவருள் அச்சுக்கூடம் நடத்துவோர் பலர். அவர்கள் தம் பெட்டகங்களில் உறங்கும் லேபிள் தாள்களைச் சில நாட்களுக்குக் கடன் தரலாம். மாணாக்கர் அனுப்பும் முகப்புக்கள் ஐந்து சென்டிமீட்டர் நீளத்திற்கும் மூன்றரை சென்டிமீட்டர் அகலத்திற்கும் மேற்படலாகாது.